நுரையின் உயரம்

அளவு ஜாடியின் வாயை உள்ளங்கையால் மூடிப்
பத்து முறை குலுக்க வேண்டும்.
ஒன்பதாவதில் தோள் வலிக்கும்.
பத்தாவதில் நுரை
நூற்று நாற்பதாம் கோட்டில் வந்து நிற்கும்,
சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைபோல.
கடிகாரம் ஜெயசுதாவிடம்.
நாலு நிமிஷம் கழித்து மிச்சம் எவ்வளவு,
நான் சொல்வேன், அவள் எழுதுவாள்.

காட்பாடிச் சாலை, டயர் கடைக்கு மேல்மாடி,
மின்விசிறியும் அனல் வீசும் மே மாதம்.
பூந்திக்கொட்டை கொதிக்கிறது.
சீயக்காய்த் தூள் கிளம்பி
வரிசையாய் எல்லோரையும் தும்மவைக்கிறது.
வெந்தயம் மட்டும் யாரோடும் பேசாமல்
ஊறி, வீங்கி, வழவழத்து
வடிதுணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதலாளி குணாளன் கேட்பது ஒன்றுதான்.
நுரை எவ்வளவு?
வாங்குறவங்க அதத்தான் பாப்பாங்க, மேடம்.
பொய் இல்லை.
எனக்கும் நுரை பிடிக்கும்.
அதற்காகவே மூன்றாம் குப்பியில்
தேங்காயெண்ணெய்ச் சோப்பைக் கரைத்தோம்.

முடி, சத்துவாச்சாரி பார்லரில் வாங்கியது.
யாரோ ஒருத்தி தோள்வரை வெட்டிக்கொண்டு
விட்டுப் போனதாம்.
ஐந்தைந்து கிராமாய் நூலில் கட்டி
எண்ணெயில் முக்கி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம்.
டீ கொண்டுவரும் பையன்
முதல் நாள் வாசலோடு திரும்பிவிட்டான்.
அலசி, உலர்த்தி, நிறுத்தால்
போன எண்ணெயின் எடையைத் தராசு சொல்லும்.
அவள் யாரென்று சொல்லாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
நுனி கொஞ்சம் வெடித்திருக்கும்,
நாலாம் கட்டில் ஒரே ஒரு நரை.

பிறகு மசி, ஒரு சொட்டு.
கறுப்பு நுரையில் தங்கினால் தோல்வி,
அழுக்கு மறுபடி தலையிலேயே உட்காரும்.
கீழே தண்ணீரோடு நின்றால் தேறியது.
மூன்றாம் குப்பியில்
மேலே பஞ்சு, கீழே அமாவாசை.
அன்றே குணாளன் லேபிள் அச்சடிக்கச் சொன்னார்.

கெடுத்தது பர்ஹானா.
பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்,
வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.
சாப்பாட்டுப் பையிலிருந்து
ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.
எங்க வீட்டு போர் தண்ணி.
இதுல குலுக்கிப் பாருங்க.

அதே குப்பி, அதே பத்துக் குலுக்கல்,
அதே என் தோள்.
நுரை எழுந்தது,
ஏதோ மறந்துவிட்டாற்போல நின்றது,
ஜெயசுதா பேனா மூடியைக் கழற்றுவதற்குள்
திரிந்த பாலாய்த் திட்டுத்திட்டாக மிதந்தது.
அதில் அலசிய முடி காய்ந்ததும்
சீப்பு பாதியில் நின்றுவிட்டது.

நோட்டைப் புரட்டினேன்.
நீர் என்ற கட்டத்தில்
ஒரே சொல், கீழே பக்கம் பக்கமாய் மேற்படி.
காய்ச்சி வடித்தது, கேன் நூற்றிருபது ரூபாய்.
இந்த மாவட்டத்தில் யார் தலையிலும்
ஒரு சொட்டு விழுந்திராத தண்ணீர்.

முதல் குப்பியைத் திரும்ப எடுத்தோம்.
சீயக்காயும் அரப்பும் மட்டும்,
அழுக்குப் பச்சை, குளத்து வாசனை,
குணாளன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிவைத்தது.
எந்தத் தண்ணீரிலும் நுரை பன்னிரண்டைத் தாண்டவில்லை.
பேரணாம்பட்டிலும் பன்னிரண்டு.
நாலாம் கட்டை எடுத்து அலசினேன்.
சீப்பு நுனிவரை போய்
கையோடு வெளியே வந்தது.

பன்னிரண்டா?
பன்னிரண்டுதான், சார்.
அவர் சீப்பை வாங்கித் தானே ஒருமுறை இழுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை லேபிள் கட்டு வந்து இறங்கியது,
இரண்டாயிரம்.

இப்போது அலமாரியில் தண்ணீர் பாட்டில்கள்.
லேபிளைத் திருப்பி ஒட்டி
வெற்றுப் பக்கத்தில் பர்ஹானா எழுதுகிறாள்:
ஆற்காடு, கைப்பம்பு.
குடியாத்தம், லாரித் தண்ணீர்.
வாணியம்பாடி, ஆற்றோரக் கிணறு, மஞ்சள்.
பின்னாலிருந்து பார்த்தால்
ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்குள்ளும்
எழுத்து பெருத்து, இடம்வலம் புரண்டு தெரிகிறது,
பொங்கும் நுரை.